பதினேழாம் நிரல்

மாங்குளத்துக்குத் தெற்கே பாலைக் காடு.
ஒன்றரை மீற்றர் அகலத்தில் என் நிரல்.
ஆறரைக்கே முகக்கவசத்துக்குள் வியர்வை.

தேத்தண்ணி நேரம் கொறற்றி கேட்டாள்:
"நீ ஏன் இப்ப கோயிலுக்குப் போறேல்லை?"

எல்லாம் வல்லவரோடு எனக்குக் கதையில்லை.
இரணைப்பாலையில்
காற்றுக்குக் கிளம்பிய தறப்பாளைப் பிடிக்க
பங்கருக்கு வெளியே தலைநீட்டினான் குகநேசன்.
அவர் கண்டிருந்தால்
அந்நேரம் கையை எங்கே வைத்திருந்தார்?

ஐயர் ஊழ்வினை என்றார்.
உங்கள் பாதர் மர்மம் என்றார்.
பதினொரு வயதில் என்ன வினை சேரும்?
என் கொம்பாஸ் பெட்டியைக் களவெடுத்தான்,
அதுவும் திருப்பித் தந்துவிட்டான்.

கொறற்றி பிஸ்கட்டைப் பாதியாய் முறித்தாள்.
பெரிய பாதி எனக்கு.

மறுபடி முழந்தாள்.
வேர் குறுக்கிட்டால் வேரைச் சுற்றி,
கல் தட்டினால் மூச்சைப் பிடித்து.

வல்லமை இல்லாத ஒருவர் இருந்தால்?
புதைத்தவனின் கையைத் தடுக்க ஏலாதவர்,
புதைத்ததைத் தேடி
விரற்கடை விரற்கடையாய் வருகிறவர்,
எங்களைவிட மெதுவாக.
இரணைப்பாலைக்கு அன்றைக்குப் பிந்திவிட்டார்.
இன்னும் வந்து சேரவில்லை.

அவரை என்னால் மன்னிக்கலாம்.
கும்பிடுவேனா, தெரியாது.
பக்கத்து நிரலில் இடம் விடுவேன்.

விசில் ஊதியது.
மூன்றே முக்கால் சதுர மீற்றர்,
ஓர் ஆணியும் மீன்ரின் மூடியும்.

வாகனத்தில் இதைச் சொன்னேன்.
கொறற்றி சப்பாத்தைக் கழற்றி மண் தட்டினாள்.
"உன்ர ஆளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?"