வாஷர் கிடைக்கவில்லை

பள்ளத்தூரில்
இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக
ஒரு வீடு.
பின்கட்டுத் தொட்டியில் குழாய் ஒழுகுகிறதென்று
கோயம்புத்தூரிலிருந்து போன்.
சாவி அடைக்கலத்திடம் இருந்தது.
திறந்துவிட்டு பீடி வாங்கப் போனவன்
திரும்பவில்லை.

குழாய்க்கு ஒரு சாண் மேலே
சுவரில் நுரை.
யாரோ முகம் மழித்துவிட்டு
வழித்து எறிந்தது போல.
ஸ்பேனர் வாலால் தள்ளப் போனேன்.
பக்கத்துச் சுவர்
கண் திறந்து என்னைப் பார்த்தது.

இருபது வருஷமாகக் குளியலறை வேலை.
இவர்களை எனக்குத் தெரியும்.
கானாடுகாத்தான் ஓட்டலில்
பிளஷ் டேங்க் மூடியைத் தூக்கியபோது
என் சட்டைப்பைக்குள் குதித்தவன் இந்தச் சாதிதான்.
விரல்நுனிக்கு ஒரு வாஷர்,
கண்ணாடியிலும் பிடிக்கும்.
அப்படி ஒன்று
எந்தக் கடையிலும் நான் வாங்கியதில்லை.

மரத்தவளை என்கிறார்கள்.
இந்த வீட்டில் மரம் என்றால்
பர்மாவில் மழை குடித்து வளர்ந்த தேக்குத் தூண்கள்தான்.
அந்தக் காட்டிலும் இதன் உறவுக்காரர்கள் இருந்திருப்பார்கள்.
மரம் கப்பல் ஏறுமுன்
இறங்கிக்கொண்டிருப்பார்கள்.
இது உள்ளூர்.
பகலெல்லாம் போதிகை இடுக்கில்
கைகால் மடக்கி, ஈரத்தை வயிற்றுக்கடியில் பூட்டி,
ஆணித்தலை போல உட்கார்ந்திருக்கும்.
ராத்திரி ஆண் கூப்பிடுவதைக் கேட்டு
தூணை விலைபேச வந்தவர்கள்
தட்டிப் பார்ப்பதாக
அடைக்கலம் இரண்டு தடவை டார்ச்சோடு ஓடியிருக்கிறான்.

புரட்டாசி பிறந்து ஒரே ஒரு மழை.
அதை நம்பித்தான் இறங்கியிருக்கிறாள்.
முட்டை வெள்ளைக்கரு அடித்து இழைத்த சுவராம் இது.
அதன்மேல் தன் முட்டையை
அவளும் அடித்திருக்கிறாள்,
பின்னங்கால் இரண்டும் மத்தாக,
முதுகில் பாதி உடம்புக்காரன் ஒருவன்
தொற்றிக்கொண்டிருக்க.
மேலே ஏடு கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும்.
நாலாம் நாள் அடிப்பக்கம் கரைந்து
பிள்ளைகள் தண்ணீரில் விழ வேண்டும்.

தண்ணீர்?
ஊருணி வெடித்துக் கிடக்கிறது.
தொட்டியின் அடியில் மயிரிழை விரிசல்.
ஒழுகுவதும் வடிவதும் சரிக்குச் சரியாக
நாலு விரற்கடை நிற்கிறது.
கல்லுக்குள் தேரைக்குப்
படியளக்க ஒருவன் இருக்கிறானாம்.
இங்கே அளந்துகொண்டிருந்தது
தேய்ந்துபோன ஒரு வாஷர்.

புது வாஷர் என் பையில் இருந்தது.
போனை எடுத்தேன்.
"பழைய பித்தளைக் குழாய்ங்க, அளவு கிடைக்கல.
காரைக்குடியில சொல்லியிருக்கேன்."
"தொட்டியக் காயவச்சிருங்க, பெயிண்ட் அடிக்க ஆள் வருது."
"ஆகட்டுங்க."

மறுநாளும் கிடைக்கவில்லை.
அதற்கு மறுநாள்
காரைக்குடியில் கடையடைப்பு என்றேன்.
என்ன கடையடைப்பு என்று
நல்லவேளை அவர் கேட்கவில்லை.

நாலாம் நாள் நுரை
பழுத்த அப்பளம் மாதிரி சரிந்திருந்தது.
தொட்டியில் கடுகு தாளித்தாற்போல் சின்னச் சின்ன உயிர்.
எல்லாம் விழவில்லை.
விளிம்பில் சொட்டியவற்றை எறும்பு எடுத்துக்கொண்டிருந்தது.
நனைத்த விரலால் ஏழெட்டை உள்ளே தள்ளினேன்.
எறும்புக்கும் கொஞ்சம் போயிற்று.
அவளைக் காணோம்.

கால் முளைக்க இரண்டு மாதமாவது ஆகும்.
அத்தனை நாள் பொய்
என் கைவசம் இல்லை.
தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற பசையை உருட்டி
விரிசலை அடைத்தேன்,
அந்த வேலையை யாரும் சொல்லவில்லை.
குழாயைத் திறந்து
ஒரு முழம் நிரப்பிவிட்டு
வாஷரை மாட்டினேன்.
ஒழுகல் நின்றது.
கூலி கேட்கிற அளவுக்கு
நன்றாகவே நின்றது.

ராத்திரி போன்.
"தொட்டி வடிஞ்சிருச்சா?"
"வடியுதுங்க," என்றேன்.
"மெதுவாத்தான் வடியுது."