சுவர் ஏறும் விரல்கள்

ராயக்கோட்டை மேம்பாலத்தில், வைகாசியில்,
நாய்க்காக டவுன் பஸ் போட்ட பிரேக்கில்
மேல்கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும்
அங்கேயே நின்றுவிட்டது.
நான் முன்னால் போயிருந்தேன்.

மாங்கூழ் பேக்டரியில் அன்று ஆப்சென்ட்.

"ஒரு இழு இழுத்தா சரியாயிடும்"
என்றார் என் வீட்டுக்காரர் மாதேசன்.
தொடவிடவில்லை.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
ஊசி போட்டு, மெதுவாய்
உள்ளே வைத்தார்கள்.

எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து
பிசியோ தபசும் சொன்னாள்:
"இடுப்பு, கிண்ணத்துக்குள்ள உருண்டை.
தோள் அப்படி இல்லக்கா.
ஸ்கூல்ல ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வெச்சு ஓடுவோமே,
அது.
எல்லாப் பக்கமும் சுத்துதில்ல கை,
அதுக்குக் குடுத்த விலை."

நான் அந்தப் பந்தயத்தில்
பாதி வழியிலேயே பழத்தைத் தவறவிட்டவள்.

மூன்று வாரம் கழுத்துத் தூளியில்
என் கையை நானே சுமந்தேன்.
பிறகு, தினம் பத்து முறை
விரல்களால் சுவர் ஏறு என்றாள்.
சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல்.
முதல் நாள் சுவிட்ச்போர்டோடு சரி.
பென்சிலால் ஒரு கோடு, தேதி.
பக்கத்தில் மகன் உயரம் குறித்த கோடுகள்.
ஆனிக் கடைசியில்
அவனுடைய மூன்றாம் வகுப்பைத் தாண்டினேன்.
ஆடியில் காலண்டர் ஆணி.

"வலி இருக்கா?"
இருக்கிறது.
இப்போது சொல்லிவிட்டு வருகிறது.

முதுகுப்பக்கம் கை இன்னும் போகாது.
ஹூக் மாட்ட மாதேசனைத்தான் கூப்பிடுகிறேன்,
ஒன்று தள்ளி மாட்டிவிடுகிறார்,
அப்படியே வேலைக்குப் போகிறேன்.

பஸ்ஸில் சீட்டின் முதுகைப் பற்றி நிற்கிறேன்.
மேலே கம்பி.
எட்டுகிறது.
பிடிக்கவில்லை.