சொன்னதை மட்டும்

பீல் நகரம். மூன்றாம் மாடி. காலை ஒன்பதேகால்.
அவருக்கு முப்பது புள்ளிக்கான கேள்விகள்,
எனக்கு ஒரு மணித்தியாலச் சம்பளமும் ரயில் காசும்.
மொழிபெயர்க்க வந்தவளுக்கு விதி ஒன்றுதான்:
சொன்னதை மட்டும் சொல்.
கூட்டாதே, குறைக்காதே, திருத்தாதே.

சபாநடேசன் குளிர்கோட்டைக் கழற்றவில்லை.
பக்கத்தில் மனைவி திலகமணி
கைப்பையின் ஸிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக.

இன்றைக்கு என்ன கிழமை, டாக்டர் றைசர் கேட்கிறா.
"வேலையில்லாத கிழமை."
டொய்ச்சில் சொன்னேன். அங்கே அது பகிடியாகப் போய்ச் சேரவில்லை.
என்ன பருவகாலம்?
ஜன்னலைப் பார்க்கிறார், நெடுநேரம்.
"பனி இன்னும் விழேல்லை. கண்ணாடிதான் குளிருது."
அவ கேட்டது பெயரை.
பூச்சியம் போடும்போது பேனா சத்தமே போடுவதில்லை.

மூன்று சொல் சொல்லுவேன், பிறகு கேட்பேன்:
தோடம்பழம், குடை, திறப்பு.
"ஆற்ற திறப்பு?" என்கிறார்.
அதையும் சொன்னேன்.

பிறகு வெள்ளைத்தாள். ஒரு மணிக்கூடு கீறுங்கோ,
முள்ளைப் பதினொன்று பத்தில் வையுங்கோ.

கை நடுங்கவில்லை.
ஷூஸ் ஆற்றங்கரைத் தொழிற்சாலையில்
இருபத்திரண்டு வருசம் கைமணிக்கூட்டின் ஓடு மினுக்கிய கை அது.
தட்டு வைத்துக் கீறினாலும் இப்படி வட்டம் வராது.
முள்ளை மட்டும் பத்துப் பத்தில் வைத்தார்.
"கடைக்குப் போறதெல்லாம் பத்துப் பத்திலதான் போகும், பிள்ளை.
அப்பதான் அது சிரிக்கிற மாதிரி இருக்கும்."
டாக்டர் சிரித்தா, உண்மையாகவே சிரித்தா.
புள்ளியைக் குறைத்தா.

பிறந்த திகதி?

முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி
என் காதுப்பக்கம் சாய்கிறார்:
"எது, பிள்ளை?
பேர்ணில குடுத்ததோ, அம்மா பெத்ததோ?"

ஸிப் பாதியில் நின்றுவிட்டது.

அவருக்கு இது எண்பத்தைந்தாம் ஆண்டு.
இதே மாதிரி ஒரு மேசை, ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீர்,
எழுதுகிற ஒருத்தர்,
நடுவில் என்னைப் போல ஒருத்தர்.
"மாறிச் சொன்னா திருப்பி அனுப்புவாங்கள்."

என்ன சொல்கிறார்? டாக்டர் என்னைப் பார்க்கிறா.
எல்லாச் சொல்லும் என் வாயில் இருந்தது,
வினை கடைசியில் வருகிற அந்த மொழியில், ஒழுங்காக அடுக்கியபடி.
நான் தண்ணீர் குடித்தேன்.
"கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்," என்றேன்.

அதற்குள் அவரே நிமிர்ந்து,
நான் தேவையில்லாமல்,
சுத்தமான டொய்ச்சில், ஒரு மூச்சில்:
முதலாம் திகதி, முதலாம் மாதம், நாற்பத்தொன்பது.

மிகவும் நல்லது, என்றா டாக்டர்.
முழுப் புள்ளி.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கையில் திலகமணி சொன்னா,
கதவைப் பார்த்தபடி:
"அவர் ஆவணியில பிறந்தவர்.
அந்த ஒண்டைத்தான், பாத்தீங்களோ, இன்னும் பிசகாமச் சொல்லுறார்."
அவர் கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டு நின்றார்,
"திறப்பைக் காணேல்லை."

கீழே கபேயில் என் படிவத்தை நிரப்பினேன்.
தொடங்கிய நேரம். முடிந்த நேரம்.
மொழிபெயர்ப்பில் ஏதும் விடுபட்டதா? இல்லை.
கையெழுத்து.
கிழமை என்றிருந்த கட்டத்துக்கு
தொலைபேசியை எடுத்துப் பார்க்கவேண்டி வந்தது.