முப்பத்தொன்றாம் கட்டம்

இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம் என்கிறது இயந்திரம்.
தோ பாயோ, புளோக்கின் கீழே சலவைக் கடை,
இரவு பதினொன்றரை.
மழை சாய்ந்து அடித்துக் கண்ணாடிக் கதவைக் கழுவுகிறது
இலவசமாக.

இட்சியார் பையிலிருந்து ஒரு அட்டையை விரித்தாள்.
நத்தை ஓடுபோல் உள்ளே சுருளும் பாதை,
அறுபத்து மூன்று கட்டம்,
நடுவில் கழுத்தை நீட்டிய ஒரு பறவை.
'ஓகா' என்றாள்.
வாத்தா? இல்லையாம்,
அன்னத்தின் முரட்டு அண்ணன்.
அவள் ஊரில் பிள்ளைகள் கூட்டல் பழகுவதே இதில்தானாம்.

எனக்கு ஒரு சட்டைப் பொத்தான்,
அவளுக்குத் தோடு,
ஹாஜா மைதீனுக்குப் பத்துக் காசு.
பரோட்டாக் கடை ஏப்ரன்கள் பதினாறும்
அவர் முதுகுக்குப் பின்னால் நுரைத்துக்கொண்டிருந்தன.

'தாயம் விழுந்தாத்தானே இறங்கணும்?'
வேண்டாம். எது விழுந்தாலும் இறங்கலாம்.
'அட! வாசல் தெறந்தே கெடக்கு!'

வாத்தில் நின்றால் அடுத்த வாத்துக்குத் தாவல்,
மறுபடி உருட்டல்.
அதற்கு அவள் மொழியில் ஒரு எதுகை உண்டு.
'வாத்துக்கு வாத்து, இன்னும் என் கூத்து'
என்று நான் ஒப்பேற்றினேன்.
பாலத்தில் நின்றால் இன்னொரு பாலத்துக்கு.
சத்திரத்தில் ஒரு முறை தங்கல்.
'வாடகை?' என்றார் ஹாஜா,
படுக்கை ஒன்றுக்கு மாதம் முந்நூற்றைம்பது கட்டுபவர்.

நான் கிணற்றில் விழுந்தேன்.
முப்பத்தொன்று.
வேறொருவர் வந்து விழும்வரை எனக்குப் பகடை இல்லை.
எவ்வளவு சீக்கிரம் கெட்டவர் ஆகிவிடுகிறோம்!
பத்துக் காசையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாஜா இருபத்தெட்டில்.
மூன்று விழுந்தால் கிணறு.
நான்கு விழுந்தால் வாத்து.
உருட்டினார். பகடை துள்ளி
உலர்த்தும் இயந்திரத்தின் அடியில் ஓடிப்போனது.
கன்னம் தரையில் பட, குப்புறப் படுத்துப் பார்த்தார்.
எங்களுக்குத் தெரிந்தது அவர் உள்ளங்கால் மட்டும்.

'மூணு.'

துணிமாட்டும் கம்பியால் இழுத்தார்.
வெளியே வந்தபோது அதன் முகத்தில் நான்கு புள்ளி.
'இழுக்கையில பொரண்டுருச்சு' என்று
காசைத் தானே கிணற்றில் வைத்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஏறினேன்.

இட்சியார் அறுபத்திரண்டில் நின்றாள்,
ஒன்று போதும்.
ஆறு விழுந்தது.
ஓரடி முன்னே, ஐந்தடி பின்னே:
ஐம்பத்தெட்டு, மண்டையோடு.
முதல் கட்டத்திலிருந்து மறுபடி.
அவள் திட்டியது எந்த மொழியிலும் புரியும்.

அப்போது என் இயந்திரம் கூவியது.
சூடான சீருடைகளை வாரிக்கொண்டு
நான் கிளம்பினேன், நாற்பதாம் கட்டத்தில் பொத்தானை விட்டுவிட்டு.
கதவருகே திரும்பிப் பார்த்தால்
ஹாஜா ஏப்ரன்களை உதறி மடிக்கிறார்,
பத்துக் காசு
இன்னும் கிணற்றில்தான்.