தொண்ணூற்றேழு விநாடி

மூன்று பன்னிரண்டு ஏழு:
எடைமேடையில் ஒரு லாரி, பதினெட்டு டன் கரும்பு.
அதற்கடுத்த வரி
மூன்று பதின்மூன்று நாற்பத்து நாலு:
கெர்னல் கண்விழித்து
தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது,
ஒன்றும் நடக்காதது போல.

நடுவில் வெற்றிடம்.
யாரும் அணைத்ததாகக் குறிப்பில்லை.
போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை
நானூற்றுப் பன்னிரண்டு நாள்
கண் மூடாமல் நின்ற சர்வர்.

செயின்ட் ஆந்த்ரேயில் ஆகஸ்ட், ஆலை ஓய்வதில்லை.
இந்த ஒன்றரை நிமிடத்தில்
எடைச்சீட்டு கிடைக்காத மூன்று டிரைவர்கள்
வெளியே ஹாரனிலேயே என்னைத் திட்டுகிறார்கள்.

யுபிஎஸ்ஸைக் கேட்டேன். மின்சாரம் இமைக்கவில்லை என்றது.
வெப்பம் நாற்பத்தொன்று, காய்ச்சல்கூட இல்லை.
மெமரியை நாலு மணி நேரம் குடைந்தேன்,
ஒரு பிட் புரளவில்லை.

டார்ச்சோடு பின்பக்கம் போன ஃபாப்ரிஸ்
ஒரு செத்த பல்லியோடு வந்தான்.
காய்ந்து சருகாகி, தொட்டால் உதிரும் பல்லி.
போன வருஷத்துச் சாவு.
அதன் மேல் பழி போட முடியாது.
பல்லி விழும் பலனுக்குக் காரைக்காலில்
எங்கள் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கமே உண்டு:
தலை, தோள், தொடை.
பவர் சப்ளை இல்லை.

ஃபாப்ரிஸின் குடும்பப் பெயர் மினாட்சி.
மீனாட்சி என்று நீட்டிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான்.
கப்பல் பேரேட்டில் எழுதியவன் காதில்
விழுந்தது அவ்வளவுதானாம்.
அதற்கு மேலே வரி கிடையாது என்பான்.
வரி இல்லாத இடத்தில் கதை எழுதாதே என்பான்,
காபியை ஊதிக்கொண்டே.

மதாம் க்ரோந்தேனுக்குக் கதைதான் வேண்டும்.
அறிக்கையில் காரணம் என்றொரு கட்டம்,
காலியாக விட்டால் படிவம் நகராது.
'மின்தடங்கல்' என்று போடு, யார் பார்க்கப் போகிறார்கள்?
போட்டேன்.
யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கு என்னையே பார்த்தது.
அழித்தேன்.
தெரியவில்லை.

பிறகு கணக்கறையில் தூசி தின்றுகொண்டிருந்த
பழைய எந்திரத்தைத் தூக்கி வந்து
பக்கத்தில் வைத்து, கேபிள் மாட்டினேன்.
இனி விழுந்தால்
விழுகிற நொடியில் இதனிடம் ஒரு வார்த்தை
சொல்லிவிட்டு விழு.
வட்டில் எழுத நேரமிருக்காது, தெரியும்.
கம்பியில் கத்தினால் போதும்.

அடுத்த இரவு மூன்று பன்னிரண்டுக்கு
இருவரும் திரை முன்னால், மூச்சுவிடாமல்.
மூன்று பன்னிரண்டு எட்டு.
ஒன்பது.

லாரி, பத்தொன்பது டன்.
லாரி, பதினேழரை.
ஃபாப்ரிஸ் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்.
பழைய எந்திரம் மட்டும்
காதைத் தீட்டிக்கொண்டு
காலித் திரையில் கர்சரைச் சிமிட்டுகிறது.