டபிள்யூ பக்கம்

கண்ணாடியும் கண்ணாடியும் உரசாமலிருக்க
நடுவில் பழைய காகிதம் வைத்து அனுப்புவார்கள்.
மராட்டிப் பேப்பர், யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.
வடாலாவில் இருபத்திரண்டாம் மாடிக்கு
இன்று ஏறிய சரக்கில்
கிழிந்த அகராதி. டபிள்யூ பக்கம்.
மழையில் நனைந்து, பாதி எழுத்து
இடம்வலம் மாறிக் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது.

துடைக்கும்முன் என் தொழிலைத் தேடினேன்.
பதினோரு வருடமாக விண்டோ மாட்டுகிறேன்,
அது என்னவென்று கேட்டதில்லை.

வடக்கே எங்கோ பனிக்கடல்காரர்கள்
வீட்டில் விட்ட ஓட்டையைக்
காற்றின் கண் என்றார்களாம்.
விண்ட், காற்று. வாலில் தொங்கும் ஓ,
தேய்ந்துபோன கண்.
கப்பலேறி வந்ததில் இமையெல்லாம் உதிர்ந்து
வட்டமாக மிஞ்சி விழித்திருக்கிறது.

இஸ்ராரிடம் சொன்னேன்.
சக்ஷன் கப்பை ஈரத்துணியில் ஒற்றியபடி
"இதில் காற்று எங்கே இருக்கிறது?" என்றான்.
இது திறக்காது. உள்ளே ஏசி.
வீட்டுக்காரர் ஊதுபத்தி கொளுத்தி
விளிம்பு விளிம்பாகக் காட்டிப் பார்ப்பார்.
புகை அசைந்தால் பில்லில் கழிப்பார்.
காசு முழுக்கக் கண்ணுக்குத்தான்:
உப்பளம், மோனோ ரயில் தூண்,
மழை இல்லாத நாளில் கடல்.

சயான் கோலிவாடாவில் என் அறைக்கு
நாலு செங்கல் உருவிய ஓட்டை.
ஒன்றரை அடி எதிரில் அடுத்தவன் சுவர்.
பார்க்க எதுவும் இல்லை. காற்று வரும்,
மீன் பொரிக்கும் வாசனையோடு,
யாருடைய சண்டையோ கூட வரும்.
அதற்கு நம்மிடம் ஒரு சொல் இருந்தது.
பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்வி:
காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
நான் காலால் நடக்கும் வழி என்று எழுதி
அந்த மார்க்கை விட்டவன்.

பலகணி என்றும் ஒன்று உண்டு,
அதில் கண் இருக்கிறது, ஒன்றல்ல, பல.
இஸ்ராருக்கு அதைச் சொல்லவில்லை.
கயிற்றைப் பிடித்திருந்தான்.

சாயங்காலம் கண்ணாடி உட்கார்ந்துவிட்டது.
சிலிக்கான் பூசிக்கொண்டே வந்து
மூலையில் கடைசி நாலு அங்குலம்.
அந்த இடுக்கில் வாய் வைத்துக்
காற்று ஓவென்றது.
இஸ்ரார் திரும்பிப் பார்த்தான்.
நான் துப்பாக்கியை அழுத்தினேன்.

ஊதுபத்திப் புகை நேராக ஏறியது.
பில்லில் எதுவும் கழிக்கவில்லை.