அரைவாசி றோட்டு

மாசி வெய்யில்.
கற்சிலைமடுத் திருப்பம் தாண்டி
றோட்டில அரைவாசி எங்கட நெல்லு,
மற்ற அரைவாசி எல்லாருக்கும்.
நெல்லுக்கும் ரயருக்கும் நடுவில
நானும் மனுசனும் அடுக்கின கல்லுகள்,
முப்பது இருக்கும்.
ஒண்டு மட்டும் கொஞ்சம் பெரிசு.

கிடங்கும் பள்ளமுமாய் இந்த றோட்டு கிடந்த நாளில
வாறவையின்ர ரெண்டு கையும் ஹாண்டிலில இருந்தது.
பல்லைக் கடிச்சுக்கொண்டு வருவினம்.
கார்ப்பெட் போட்ட பிறகு
ஒரு கைக்கு வேலையில்லை,
எங்களுக்கும் நெல்லுக் காயப்போட
முற்றம் தேவையில்லை.

காலால துழாவிக்கொண்டு நிக்கிறன்.
வந்தான்.
ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில போனைச் செருகி
காதுக்குத்து வந்தவன் மாதிரித் தலையைச் சரிச்சு
"ஓம் அண்ணை, ஓம் அண்ணை, வெள்ளிக்கிழமை அண்ணை" எண்டு
கண்ணுக்குத் தெரியாத ஆரையோ
கும்பிடுமாப்போல வந்தான்.
போன் வழுகியிருக்க வேணும்.
ஒரு கையை எடுத்தான்.
நான் கண்டது அவ்வளவுதான்.

நெல்லு சத்தம் போடாது.
வாங்கிக்கொண்டுது.
பெரிய கல்லு
வைச்ச இடத்தில இல்லை.

மனுசன் ஓடிப்போய் ஹெல்மெட்டில கை வைச்சார்.
கழட்டாதேங்கோ, கழுத்தைப் பிடியுங்கோ எண்டு கத்தினன்.
கதவுப் பலகை ஒண்டு வந்தது,
சாறத்தைக் கிழிச்சுக் கட்டினம்,
நாலுபேர் ஒரே மூச்சில தூக்கினம்.
இதெல்லாம் எங்க பழகினது எண்டு
இந்தப் பக்கத்தில
ஆரும் ஆரையும் கேக்கிறதில்லை.

ஓட்டோ மாஞ்சோலைக்குப் பறந்த பிறகு
நெல்லு கதைச்சது.

"ஹலோ.
கீர்த்தீபன், லைனில நிக்கிறீரோ?
ஹலோ."

வழக்கம்போலக் காலாலதான் தேடினன்.
ஒரு முழம் தள்ளி, சூடாய், கையளவு.
கண்ணாடி முழுக்க வெடிப்பு,
வெடிப்புக்குள்ள ஒரு பேர்: லீசிங்.

"தம்பி, மூண்டு மாதம் பிந்திப்போச்சு.
இனி நான் பைக்கைத் தூக்கித்தான் ஆகவேணும்,
பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"பைக் இஞ்சதான் கிடக்குது ஐயா.
வந்து தூக்குங்கோ.
பொடியனை இப்பதான்
தூக்கிக்கொண்டு போட்டினம்."

அங்கால கதையில்லை.
கதையில்லாத இடத்தில காத்து இரைஞ்சது,
ஒரு பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு
அவரைக் கடந்து போனது.
அட, இந்த மனுசனும்
ஓடிக்கொண்டுதான் கேக்கிறார்.

"ஐயா" எண்டன்,
"முதல்ல ஓரமா நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினாரோ தெரியாது.
அந்தப் போனை எப்பிடி வைக்கிறது எண்டும்
எனக்குத் தெரியாது.
தெரியாமல் கனநேரம் கையில வைச்சிருந்தன்,
ரெண்டு பக்கத்திலயும் ஒருத்தரும் கதைக்கேல்லை.

பொலிஸ் வந்தது.
"போன் கதைச்சுக்கொண்டு வந்தவன்" எண்டு சொன்னன்.
உண்மைதான்.
எழுதினாங்கள், வாசிச்சுக் காட்டினாங்கள்,
கையெழுத்து வைச்சன்.
அந்தக் கடுதாசியில கல்லு இல்லை.
லீசிங்கும் இல்லை.

நனைஞ்ச நெல்லை வேற சாக்கில அள்ளினம்.
விக்கேலாது. கோழிக்கும் போட மனமில்லை.
மாஞ்சோலையிலயிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏத்தினதாம்.
கண் முழிச்சானாம் எண்டு ஒரு கதை,
இல்லையாம் எண்டு இன்னொண்டு.
எங்களுக்கு எடுத்துக் கேக்க நம்பரும் இல்லை.

அண்டு இரவே றோட்டைக் கூட்டிப்போட்டுக்
கல்லுகளை வேலிக்கரைக்குக் காவினம்.
விடிய எழும்பிப் பார்த்தால்
எதிர்ப்பக்கத்தார் நெல்லுப் பரப்பியிருக்கினம்,
வரிசையாய்க் கல்லு,
கல்லுக்கு அங்கால
சரிஞ்ச தலையோட ஒருத்தன் போறான்,
அவனுக்குப் பின்னால இன்னொருத்தன்.

மனுசன் கேட்டார்,
"அந்தப் பெரிய கல்லை எங்க போடுறது?"
கிணத்தடியில வேண்டாம், படியாயும் வேண்டாம்.
நான் இன்னும் ஒரு இடம் சொல்லேல்லை.